முகம் புதிது, பற்றரி பழையது

அமெரிக்காவின் ரெஸ்லா நிறுவனம் தன் 'மொடல் எஸ்' காரை 2012ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் முன்முகத்தில் கறுப்பு நிறத்தில் நீள்வட்டமாக ஒரு மூக்கு இருந்தது. பெற்றோல் காருக்கு வேண்டியதுபோல் பெரிய காற்றுவலை மின்சாரக் காருக்கு வேண்டியதில்லை. ஆயினும் கார் என்றால் முன்னால் ஒரு வலை இருக்கும் என்று நூறு ஆண்டுகளாகப் பழகிப்போன கண்களுக்காக வைக்கப்பட்ட வேடம் அது. 2016 ஏப்ரலில் நிறுவனம் அந்த மூக்கை எடுத்துவிட்டு, துடைத்து வைத்தாற்போன்ற புதிய முகத்தைக் கொடுத்தது. அன்று தொடக்கம் பழைய காரை வைத்திருந்தவர்களுக்கு உறக்கம் போயிற்று. ஓட்டத்தில் குறையில்லை, வேகத்தில் குறையில்லை, முகம் மட்டும் பழையதாகிவிட்டது. புதிய முன் பம்பரைப் பழைய காரில் பூட்டுவது எப்படி என்று அவர்கள் தேடத் தொடங்க, அதற்கென்றே உதிரிப்பாகம் செய்து விற்கும் கடைகளும் தோன்றின.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதே ஆசை இப்போது யாழ்ப்பாணத்திலும் உலாவுகிறது என்பதற்காகவே சொன்னேன். அனலைதீவைப் பூர்வீகமாகக் கொண்ட என் உறவுப் பையன் ஒருவன், நகரில் தொழில் செய்பவன், 2011ஆம் ஆண்டு செய்யப்பட்ட நிஸான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவன் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டான். லீஃப் காரின் 2017ஆம் ஆண்டு வடிவத்துக்குரிய முன் பம்பரைத் தன் காருக்கு மாட்டவேண்டும்; செலவைக் கனடாவில் இருக்கும் தமையன் தருவார்; அதற்குப் பிறகு காரை அனலைதீவுக்குக் கொண்டுபோய்த் தகப்பனாரின் பாவனைக்கு விடவேண்டும். இதுதான் திட்டம்.

“சித்தப்பா, ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆக்கள் பாத்தவுடனே பழசெண்டு சொல்லிப் போடுகினம்” என்றான்.

“தம்பி, பற்றரியில எத்தினை கோடு நிக்குது?” என்று கேட்டேன்.

“ஏழு” என்றான்.

இந்த ஏழு என்ற எண்ணைப் பற்றித்தான் இக்கட்டுரை. பம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. முதலில் அதை முடித்துக்கொள்கிறேன்.

இலங்கையில் லீஃப் கார்கள் பெருகியதற்குக் காரணம் சூழல் மீதான பற்று என்று எவரும் நம்பவேண்டாம். வரிதான் காரணம். ஜப்பானில் ஓடிக் கழித்த கார்கள் 2014, 2015 காலப்பகுதியில் குறைந்த தீர்வையில் கப்பலேறி வந்தன. பெற்றோல் காருக்குக் கொடுக்கும் பணத்தைவிட மலிவாக, பளபளப்பாக, ஓசையின்றி ஓடும் கார் கிடைத்தபோது நடுத்தர வர்க்கத்தினர் வாங்கினார்கள். 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்துடன் அந்தச் சலுகைக் கதவு சாத்தப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் இந்நாட்டில் பழைய கார்களுக்குப் பொற்காலம். புதியது வராதபோது பழையதைப் புதியதாகக் காட்டும் தொழில் செழித்தது இயல்பே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் விபத்துக்குள்ளான கார்களின் முன்பாகங்கள் வரிசையாகத் தொங்கும். பிரியஸுக்கும் அலியனுக்கும் புதுமுகம் வாங்கிப் பூட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்த வழக்கம் மின்சாரக் காருக்கும் தொற்றிக்கொண்டது.

பையனுடன் கராஜ் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, “ஐயா, இது பம்பர் மாத்திற வேலை இல்லை, மூஞ்சையையே மாத்திற வேலை” என்றார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் தலைப்புப் போட்டவன் நான். இவ்வளவு சுருக்கமான தலைப்பை நான் போட்டதில்லை.

அவர் விளக்கிய விடயம் இதுதான். லீஃப் காரின் முதல் தலைமுறைக்கும் 2017இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் இடையில் முன்விளக்கின் வெட்டு வேறு, பொனற்றின் விளிம்பு வேறு, சில்லுக்கு மேலுள்ள தகட்டின் வளைவு வேறு. பம்பர் என்பது தனியே நிற்கும் உறுப்பு அன்று. இவை அனைத்தோடும் விளிம்புக்கு விளிம்பு பொருந்தி நிற்பது. ஒன்றை மாற்றினால் பக்கத்திலுள்ளது பல்லிளிக்கும். ஆகவே விளக்கு, பொனற், இருபுறத் தகடுகள், அவற்றைத் தாங்கும் பிடிகள் எல்லாம் வாங்கவேண்டும். இதற்கும் மேலாக, லீஃப் காரில் மின்னேற்றும் வாய் மூக்கின் நடுவில்தான் இருக்கிறது. பெற்றோல் காருக்கு முகத்தை மாற்றினால் முகம் மட்டும் மாறும். இந்தக் காருக்கு முகத்தை மாற்றினால் அது சோறு உண்ணும் வாயையும் சேர்த்துப் பிடுங்கி நடவேண்டும்.

பம்பர் என்று நாம் சொல்வதே உண்மையில் ஒரு பிளாஸ்ரிக் திரை என்பதைப் பலர் அறியார். அதற்குப் பின்னால் மோதலின் வேகத்தை உறிஞ்சும் நுரைக்கட்டியும், அதற்கும் பின்னால் உலோகச் சட்டமும் இருக்கின்றன. மோதினால் காப்பது அவை இரண்டும்தான். புதிய திரையைப் பழைய சட்டத்தில் பூட்டும்போது நுரைக்கட்டி பொருந்தாவிட்டால் சிலர் அதை அறுத்து எறிந்துவிடுகிறார்கள். வெளியே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சுவரில் மோதும் நாளில்தான் தெரியும். திரையின் கீழ்ப்பகுதியில் உள்ள திறப்பு வழியாகச் செல்லும் காற்றுத்தான் மோட்டாரையும் மின்மாற்றும் கருவியையும் குளிர்விக்கும் றேடியேற்றருக்குப் போகிறது. பெரிய வலை இல்லை என்பதற்காகக் காற்றே வேண்டாம் என்று பொருளாகாது. இந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியும் உண்டு. கார் மெதுவாக ஊரும்போது நடந்து போகிறவருக்குக் கேட்கும்படி மெல்லிய ஓசை எழுப்பும். பம்பர் கழற்றிப் பூட்டும் அவசரத்தில் அதன் வயரை மீண்டும் செருகாமல் விட்டுவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆடும் மாடும் சைக்கிளும் வயோதிபரும் ஒரே ஒழுங்கையில் போகும் தீவில் ஓசையற்ற கார் எவ்வளவு ஆபத்தானது என்று நான் விரிக்கத் தேவையில்லை.

ஒருகாலத்தில் பம்பர் இரும்பாக இருந்தது. ஏ40 காரின் குரோமியப் பம்பரில் ஏறி நின்று தேருக்கு வடம் பிடிப்பதைப் பார்த்தவர்கள் நாம். அதற்கு வயதே தெரியாது. வயது தெரியும் முகத்தைச் செய்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றி, பழையதை வைத்திருப்பவனைக் கூசவைப்பதுதான் இன்றைய கார் வணிகத்தின் சூட்சுமம். பத்திரிகைக்காரனுக்கு இது புதிதன்று. விற்பனை சரியும்போது உள்ளே எழுதுவதைத் திருத்துவதை விட்டு முகப்பெழுத்தை மாற்றிய ஆசிரியபீடங்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி அந்த ஏழு கோடுகளுக்கு வருவோம்.

லீஃப் காரின் கண்ணாடிப் பலகையில், வலப்பக்க விளிம்பில், பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு சிறு கோடுகள் உண்டு. எவ்வளவு மின்சாரம் நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் கோடுகள் வேறு. இவை பாத்திரத்தின் அளவையே காட்டுபவை. முதற்கோடு அழியும்போது ஏறத்தாழ 15 வீதக் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் 6 வீதத்துக்குச் சற்று மேல் கழித்துக்கொள்ளலாம். ஏழு கோடு எஞ்சியிருந்தால் பாத்திரம் ஏறக்குறைய 60 வீதத்துக்கு வந்துவிட்டது. புதிதில் அந்தப் பற்றரியின் கொள்ளளவு 24 கிலோவாற் மணி, அதாவது நம் மின்பட்டியல் கணக்கில் 24 யூனிற். இப்போது 14 யூனிற் அளவில் நிற்கும்.

இந்தத் தேய்வுக்குக் காரணம் வெப்பம். ரெஸ்லா காரில் பற்றரியைச் சுற்றித் திரவம் ஓடிக் குளிர்விக்கும். நிஸான் அந்தச் செலவைத் தவிர்த்தது. லீஃப் காரின் பற்றரிக்குக் காற்றே கதி. ஜப்பானின் குளிருக்கு அது போதும். அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் 2012இலேயே கோடுகள் மளமளவென அழியத் தொடங்கி, பாவனையாளர்கள் வழக்குத் தொடர்ந்து, கொள்ளளவுக்கும் உத்தரவாதம் தரும் நிலைக்கு நிறுவனம் வந்தது. ஜப்பானில் பாவித்து முடித்துக் கப்பலேறி வந்த காருக்கு யாழ்ப்பாணத்து வெயிலில் அப்படி யார் உத்தரவாதம் தருவார்?

ஆகவே என் கருத்து எளியது. பணம் கையில் இருந்தால் அது போகவேண்டிய இடம் காரின் அடிப்பாகம். பிற்காலத்து லீஃப் கார்களின் 30 அல்லது 40 கிலோவாற் மணிப் பற்றரியைப் பழைய காரின் வயிற்றில் வைக்க முடியும் என்பதை வெளிநாட்டு மெக்கானிக்குகள் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கார் பேசும் மொழியையும் புதிய பற்றரி பேசும் மொழியையும் இணைத்துவைக்க இடையில் துபாஷி போன்ற ஒரு சிறு மின்பலகை வேண்டும். அவ்வளவுதான் முக்கிய வேறுபாடு. அந்த வேலை மலிவானதன்று. ஆயினும் முகத்துக்குக் கொடுக்கும் பணம் ஒரு கிலோமீற்றரைக்கூடக் கூட்டித் தராது. பற்றரிக்குக் கொடுக்கும் பணம் காரின் ஆயுளைக் கூட்டும்.

பம்பர் மாற்றத்தில் வேறொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் அழகுக்காகவே முகம் மாற்றுவதில்லை. விற்பதற்காகவும் மாற்றுகிறார்கள். கோடுகளையே பொய்யாக நிரப்பிக் காட்டும் தந்திரமும் உலகச் சந்தையில் உண்டு. பற்றரியைக் கண்காணிக்கும் கணினியின் நினைவை அழித்துவிட்டால் சில வாரங்களுக்குப் பன்னிரண்டு கோடும் நிமிர்ந்து நிற்கும். புதுமுகமும் பன்னிரண்டு கோடும் சேர்ந்துவிட்டால் வாங்குபவன் ஏமாறுவதற்கு வேறென்ன வேண்டும்? இப்படி ஒரு காரைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின் டிக்கியைத் திறக்கவேண்டும். பின்இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவில் குறுக்கே ஒரு திண்ணை எழும்பி நின்றால் மின்னேற்றும் கருவி அதற்குள் இருக்கிறது; அது 2012 இறுதிக்கு முற்பட்ட கார். அதற்குப் பின் வந்தவற்றில் அந்தக் கருவியை முன் பொனற்றுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். செஸி எண்ணின் முதலெழுத்துகளும் ஆண்டைச் சொல்லிவிடும். முகத்தை மாற்றுபவர்கள் டிக்கியை மாற்றுவதில்லை.

பையனின் திட்டத்தில் இரண்டாவது பகுதி, காரை அனலைதீவுக்குக் கொண்டுபோவது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. உண்மையில் அவன் திட்டத்தில் புத்தியுள்ள பகுதி அதுவே.

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்தோ குறிகட்டுவானிலிருந்தோ படகில்தான் போகவேண்டும். மனிதரும் ஆடும் அரிசி மூடையும் மருந்தும் மணவறைப் பொருளும் அப்படியே போகின்றன. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டியபோது அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஐரோப்பாவின் மிகப்பெரிய துறைமுகம் ரொட்டர்டாம். அதன் பெயரைச் சுமந்த தீவிலோ நோயாளியைக் கொண்டுவரப் படகு கிடைக்குமா என்று இரவில் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். சரி, அது வேறு கட்டுரை.

இந்தத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில கிலோமீற்றர்தான். கொழும்புக்குப் போக முடியாது என்று நகரத்தவர் கழித்துவிடும் லீஃப் கார், ஏழு கோட்டுடனேயே 70 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். துறையடிக்கும் ஐயனார் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் வயலுக்கும் போய்வர அது பத்து நாளைக்குப் போதும். வேகம் தேவையில்லை, ஏற்றம் இல்லை, பெற்றோல் நிரப்பு நிலையத்துக்குக் கடல்கடந்து போகவேண்டியதில்லை. நடக்க மாட்டாத முதியவரைத் துறைக்குக் கொண்டுவர அதைவிடப் பொருத்தமான வண்டியை நான் அறியேன். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் எஞ்சிய வீடுகள் மலிந்த தீவகத்துக்கு இது சிறிய விடயமன்று. அங்கே பம்பரைப் பார்த்து வயதை எடைபோட யார் இருக்கிறார்கள்?

ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையோடு இணைக்கப்படாத தீவுகள். இலங்கை மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளே அவற்றுக்குப் பல்லாண்டுகள் ஒளி கொடுத்தன. அத்தகைய பிறப்பாக்கி ஒரு யூனிற் தருவதற்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் டீசல் குடிக்கும். நம் லீஃப் காருக்கு 70 கிலோமீற்றர் ஓட, இழப்புகளையும் சேர்த்து, சுவரிலிருந்து 14 யூனிற் எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 4 லீற்றருக்குச் சற்று மேல் டீசல் எரியவேண்டும். அதே தூரத்தைச் சிறிய பெற்றோல் கார் ஒன்று ஏறக்குறைய அதே அளவு எண்ணெயில் ஓடிவிடும். அதாவது டீசலால் ஒளிரும் தீவில் மின்சாரக் கார் என்பது நீளமான வயரின் மறுமுனையில் கட்டப்பட்ட டீசல் கார். அந்த டீசலும் படகிலேதான் வரவேண்டும். அந்தப் படகும் டீசலில்தான் ஓடவேண்டும். 2022இல் நாடு எண்ணெயின்றித் தவித்தபோது தீவுகளுக்கு இதன் பொருள் என்ன என்பதை அங்குள்ளவர்கள் அனுபவித்து அறிந்தார்கள்.

வீட்டுக் கூரையில் 3 கிலோவாற் சூரியத் தகடு போட்டால் கதை மாறும். நம் வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிற் தரும். ஒன்றேகால் நாள் வெயிலில் பத்து நாள் ஓட்டம். முகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் தகடு வாங்கு என்று பையனுக்குச் சொன்னேன்.

ஆனால் தனி ஒரு வீட்டுக் கூரையோடு விட்டுவிடக்கூடிய விடயமா இது? ஊருக்கே அப்படி ஒரு கூரை போடும் திட்டம் ஒன்று இருந்தது. அதன் வரலாற்றைத் தெரிந்தவர்கள், காருக்கு முகம் மாற்றுவதில் உலகத்து அரசாங்கங்கள் நம் பையனைவிட வல்லவர்கள் என்று ஒப்புக்கொள்வார்கள்.

மூன்று தீவுகளிலும் சூரியன், காற்று, பற்றரி, அவசரத்துக்கு டீசல் என்ற நான்கையும் கலந்து மின்சாரம் தரும் நிலையங்களை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் அமைப்பதற்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, 2021 ஜனவரியில் அது ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா உடனே ஆட்சேபித்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் சீனர் வந்து உட்காருவதா என்பது அதன் கவலை. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி நல்லூரில் வழிபட்டு, மணற்றிட்டுவரை படகில் போய் இந்தியக் கரைப்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திட்டத்தை இழந்த அந்த நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்னிலையம் அமைக்கும் வேலையைப் பெற்றுக்கொண்டு போயிற்று.

2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இம்முறை கடன் இல்லை, நன்கொடை. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர். வேலைக்கான ஒப்பந்தம் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் கைச்சாத்தானது 2024 மார்ச் 1ஆம் திகதி. அப்போது அறிவிக்கப்பட்ட அளவுகள் முன்பு பேசப்பட்டவற்றிலிருந்து பெரிதாக வேறுபட்டவை அல்ல: மூன்று தீவுகளுக்குமாகச் சூரியத் தகடு 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், பற்றரி 2,400 கிலோவாற் மணி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல்.

சீனர் செய்தாலும் இந்தியர் செய்தாலும் வெயில் ஒன்றே, காற்றும் ஒன்றே. தீவுக்கு வேண்டியிருந்தது பெட்டிக்குள் இருக்கும் பற்றரி. சண்டை நடந்தது பெட்டியின் முகப்பில் எந்த நாட்டுக் கொடி ஒட்டுவது என்பதில். முதலாவது வழங்கலுக்கும் இரண்டாவது கையெழுத்துக்கும் இடையில் மூன்றாண்டுக்கு மேல் கழிந்தது. அந்த மூன்றாண்டும் டீசல் எரிந்தது. இந்தியாவின் பாதுகாப்புக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. பெரிய நாடுகளுக்குச் சிறிய தீவுகளைப் பார்த்து அச்சம் வருவது வரலாறு. ஆனால் அனலைதீவு மக்களிடம் எவராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கொழும்பு, டெல்லி, பெய்ஜிங் மூன்றும் பேசின. பக்கத்திலிருக்கும் மிகச்சிறிய எழுவைதீவில் இதே வகையான கலப்பு மின்னிலையம் சிறிய அளவில் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டியபோது எந்த வல்லரசும் நித்திரை குழம்பி எழவில்லை. அந்த அனுபவத்தை வைத்து அனலைதீவுக்கு நாமே ஒன்றைச் செய்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு.

“நாமே” என்று நான் சொல்வது வெறும் வீறாப்பு அன்று. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்து, பெற்றோலும் டீசலும் பற்றரியும் வடக்குக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணம் நின்றுவிடவில்லை. மொறிஸ் மைனரும் ஏ40யும் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலைச் சில துளி காபுரேற்றரில் பீய்ச்சி, உயிர் வந்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வெண்மையாக மண்டும், கண் எரியும், ஏற்றத்தில் இருமும். மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த வானொலியில் கேட்ட செய்தியைத்தான் மறுநாள் கடதாசித் தட்டுப்பாட்டின் நடுவே அச்சிட்டோம். அக்காலத்து மெக்கானிக்குகள் எவரும் பொறியியற் கல்லூரிக்குப் போனவர்களல்லர். எரிபொருள் மாறினால் எஞ்சினில் எதை மாற்றவேண்டும் என்பதை மட்டும் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் கார்களில் எதற்கும் எவரும் முகம் மாற்றவில்லை. பெயின்ற் உரிந்து, தகரம் துருப்பிடித்து, பம்பரைக் கம்பியால் கட்டியிருந்த கார்தான் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. அதில் ஏறியவர்கள் ஆண்டு கேட்டதில்லை. இன்று சமாதானம் இருக்கிறது, பணம் ஓரளவு வருகிறது, ஆசைப்படுவதில் குற்றமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நல்ல கார் நிற்கவேண்டும் என்ற ஆசை போருக்கு முன்பும் இருந்தது. பம்பர் உடைந்து, பழைய வடிவம் கிடைக்காமல் கிடைத்ததைப் பூட்டுபவர்களோடும் எனக்கு வழக்கில்லை. பிரசவத்துக்கு ஓடிய காரைச் செய்த கைகளின் வாரிசுகள் இப்போது பிளாஸ்ரிக் மூக்கைப் பொருத்துவதில் திறமையை விரயம் செய்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். பற்றரி திறந்து பழுது பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் யாழ்ப்பாணத்தில் உருவானால், அவர்களுக்கு வேலை தர வடக்கு முழுவதும் கார்களும் கூரைகளும் காத்திருக்கின்றன.

இறுதியாக, எவரும் பேச விரும்பாத ஒன்று. இந்தக் காரின் பற்றரி ஒருநாள் காருக்கு உதவாமற் போகும். அதன் எடை 300 கிலோ அளவில் வரும். அன்று அனலைதீவில் அதை என்ன செய்வது?

காருக்கு உதவாத பற்றரி வீட்டுக்கு உதவும். நிஸானும் சுமிற்றோமோவும் 2010இலேயே கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கி, லீஃப் கார்களில் கழிந்த பற்றரிகளைச் சேர்த்து மின்சேமிப்புக்குப் பயன்படுத்தும் வேலையில் இறங்கின. 2018இல் ஜப்பானின் நமியே நகரில், புக்குஷிமா அணு விபத்தால் வெறுமையான ஊரில், அதற்கொரு தொழிற்சாலையே திறந்தார்கள். பழைய லீஃப் பற்றரிக்குள் 48 தனிப் பெட்டிகள் உண்டு. அவற்றில் நல்லவற்றைப் பிரித்தெடுத்துக் கோர்த்தால் சில வீடுகளுக்கு இரவு முழுவதும் விளக்கும் மின்விசிறியும் ஓடும். ஆனால் முழுப் பற்றரியில் ஓடுவது 400 வோல்ற்றை அண்மித்த மின்னழுத்தம். கையுறையும் பயிற்சியும் இல்லாமல் தொட்டால் உயிர் போகும். ஆர்வமுள்ள பொடியன் ஒருவன் முற்றத்தில் ஸ்பானரோடு உட்காரும் வேலையன்று அது.

பிரிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது எங்கே போகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. வேலியோரத்தில் கிடக்கும், மழை பெய்யும், கசிவு மண்ணுக்குள் இறங்கும். தீவகத்தில் சுண்ணக்கல்லுக்குள் மெல்லிய படையாக நிற்கும் நன்னீரே கிணற்று நீர். உவர்நீர் அதைச் சுற்றி வளைத்து நிற்கிறது. நெல்லுக்கும் புகையிலைக்கும் குடத்துக்கும் அந்த ஒரு நீர்தான். சுன்னாகத்தில் மின்னிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் 2 கோடி ரூபா நட்டஈட்டுக்குத் தீர்ப்பு வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் கிணற்றில் அள்ளிக் குடிக்க அஞ்சி, பவுசரில் வரும் தண்ணீருக்குக் காத்திருந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டன. அது பெருநிலத்தில், பவுசர் போகப் பாதை இருந்த இடம்.

ஆகவே வட மாகாண சபை நிர்வாகத்தினரிடமும் தீவகத்துப் பிரதேச சபைகளிடமும் மின்சார சபையிடமும் நான் கேட்பது ஒன்று. மூன்று தீவுகளுக்குமான திட்டத்தில் 2,400 கிலோவாற் மணிப் பற்றரி வருகிறது என்றால், அதன் ஆயுள் முடியும் ஆண்டில் அதைக் கழற்றி, படகேற்றி, கரைசேர்ப்பது யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தால் தமிழில் வெளியிடுங்கள். அதே ஏற்பாட்டில் ஊர்காவற்றுறைத் துறையில் கார்ப் பற்றரிகளையும் ஒப்படைக்க ஒரு கொட்டிலும், 300 கிலோவைத் தூக்கி இறக்க ஒரு பாரந்தூக்கியும் வைத்தால் செலவு அதிகமாகாது. அனலைதீவுக்கு முதலாவது மின்சாரக் கார் படகேறுவதற்கு முன்பே அது தயாராக இருக்கவேண்டும்.